ஆறு கதவு அலமாரி

786

14-8-1995

தம்மாம் நகரத்து மாளிகைகளுக்கெல்லாம் அலமாரி பொருத்தி, அரபுச் சீமாட்டிகளின் ஆடைகளுக்கு அரண்மனை கட்டித் தரும் மகா நிபுணர், என் தங்கை நூர்ஜஹானின் ஒரே ஆண்பிள்ளை, அருமை மருமகன் ஜாஹிதுக்கு, நீ நிற்க வேண்டிய வெயிலில் நின்று உன் தங்கச்சியின் வீட்டுக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மாமா அஹமது கபீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் கோபம். வெள்ளிக்கிழமை ஏறியது, இன்று திங்கள், இன்னும் இறங்கவில்லை.

போனில் திட்டலாம்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டு பூத்தில் மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குத் திட்டு மறந்துபோகிறது. காகிதம் மலிவு. ஆகவே விரிவாகத் திட்டுகிறேன், உட்கார்ந்து படி.

உன் கடிதமும் அதற்குள் எட்டாக மடித்து வைத்த வரைபடமும் வந்தன. அதைக் கூடத்தில் விரித்தோம். கூடம் போதவில்லை. ஒரு நுனி சமையல்கட்டுக்குப் போயிற்று, இன்னொரு நுனி வாசற்படி இறங்கித் தெருவில் போன ஒரு சைக்கிள்காரரை நிறுத்தியது. உன் தங்கச்சி ஷிஃபாவின் அறையில் சுவர் முழுக்க ஆறு கதவு அலமாரி. பர்மா தேக்கு. இரண்டு கதவில் ஆள் உயரக் கண்ணாடி. டை மாட்ட ஒரு கம்பி. இருபத்துநாலு ஜோடி செருப்புக்கு இழுப்பறை. மாப்பிள்ளை சலாஹுதீனுக்கு இரண்டு கால் என்றுதான் நிச்சயத்தன்று நான் பார்த்த ஞாபகம். நீ வேறு ஏதாவது கேள்விப்பட்டாயா?

கதவைத் திறந்தால் உள்ளே தானாக விளக்கு எரிய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். மருமகனே, இந்த ஊரில் சுவிட்சைப் போட்டாலே விளக்கு எரிவதில்லை. மின்சார வாரியம் சாயங்காலம் ஆறுக்குப் பறித்துக்கொண்டதைப் பத்துக்குத்தான் திருப்பித் தருகிறது. உன் தங்கச்சி அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கு வருமா வருமா என்று நிற்க வேண்டியதுதான்.

மருதையன் ஆசாரியை வரச்சொன்னேன். இருபது வருஷமாக நம் தெருவுக்குக் கதவு, ஜன்னல் போடுகிற மனுஷன். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தார், நேராகப் பிடித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது என்ன பாய், 2400ன்னு போட்டிருக்கு. அடியா?" என்றார். மில்லிமீட்டர் என்றேன். "எட்டடின்னு எழுதினா என்ன கொறைஞ்சு போச்சு" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, சாக்கட்டியால் சிமெண்டில் எழுதி, கூட்டி, அழித்து, மறுபடி கூட்டினார். எழுபத்திரண்டாயிரம் ரூபாய். கூலி தனி. பர்மா தேக்கு வேண்டாம், மற்ற இரண்டு அறைக்கு நீ எழுதியிருக்கிற அந்த மரத்தூள் அமுக்குப் பலகையிலேயே இதையும் செய்துவிடலாமா என்று கேட்டேன். "கடல் காத்துக்கு மூணே மழைதான் பாய், பொரி மாதிரி ஊதிடும். அப்புறம் கதவைத் தொறக்க என்னைத்தான் கூப்பிடணும்" என்றார்.

எழுபத்திரண்டாயிரம். அந்தப் பணத்துக்கு நான் பூதலூர் பக்கம் நஞ்சை வாங்கி, அதில் மூன்று போகம் விளைத்து, அந்த நெல்லைக் கொட்டிவைக்க ஒரு அலமாரி செய்வேன்.

பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அதில் குடிவைக்கும் ஊரில் பிறந்தோம். உன் வாப்பா போன பிறகு அந்தப் பாரம் உன் தலையில் வந்தது. சரி, கட்டுகிறாய், நானும் முன்னால் நின்று கட்டிக்கொடுக்கிறேன். வீட்டுக்குள் இன்னொரு வீடு எதற்கு என்பதுதான் என் கேள்வி. சலாஹுதீன் குவைத்தில் இருக்கிறார். கல்யாணம் முடிந்து நாற்பத்தைந்தாம் நாள் விமானம் ஏறுவார். கொண்டுபோவது ஒரு பெட்டி, இரண்டு வருஷம் கழித்துக் கொண்டுவருவதும் ஒரு பெட்டி. பெட்டியில் குடியிருக்கிற மனிதனுக்கு எட்டடிச் சுவரா? இந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் கட்டிலுக்கு அடியில் அடங்குகிற பெட்டியில்தான் ஆயுளைக் கழிக்கிறார்கள். நீயும்தான். உன் மனைவி அனீஸா வீட்டில் உனக்கென்று இருப்பது ஒரு தட்டு. அதில் நாலு சட்டை. அதில் ஒன்றின் காலர் கழுதைக்காது நீளம், இன்றைக்குப் போட்டால் பிள்ளைகள் பின்னால் வரும். அவள் மாதாமாதம் அதையெல்லாம் எடுத்து வெயிலில் போட்டு, உதறி, மறுபடி மடித்து வைக்கிறாள்.

அனீஸா பேச்சு வந்ததால் சொல்கிறேன். போன புதன்கிழமை அவளும் உன் உம்மாவும் நானும் தஞ்சாவூர் போய்வந்தோம். எதற்கு என்று உனக்குத் தெரியும். அவர்கள் உள்ளே போனார்கள், நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். டாக்டரம்மா பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஒரு குறையும் இல்லையே. கல்யாணமாகி ஆறு வருஷம்கிறீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தது எத்தனை நாள்?" என்று கேட்டாராம். அனீஸா விரலைக்கூட மடக்காமல், "நூத்தி மூணு நாள்" என்றாளாம். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "மருந்து வேண்டாம். அவரை வரச்சொல்லுங்க" என்றாராம். சீட்டில் ஒரு எழுத்து இல்லை. ஒன்றும் எழுதாத சீட்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது மன்னார்குடி தாண்டும்வரை பஸ்ஸில் யாரும் பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்.

அவளுக்கு முப்பது முடிந்துவிட்டது. தெருவில் இரண்டு பெண்கள் சேர்ந்து நின்றால் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைப் பார்க்கிறார்கள். போன தடவை உன் லீவைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாய். அப்போதும் நான் கத்தினேன். இந்தத் தடவை ஜனவரியில் வந்து, நோன்பும் பெருநாளும் முடித்து, கல்யாணமும் பார்த்து, மூன்று மாதம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் அலமாரிக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், வருகிற தேதி எங்கே என்று தேடினேன். மறந்திருப்பாய். அடுத்ததில் எழுது.

இந்த ஆறு கதவுப் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் உம்மாவிடம் கேட்டேன். "சபையில பேசினது பேசினதுதானே நானா" என்று அண்ணனான எனக்கே சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். நிச்சயத்தன்று நானும் ஏதோ இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். சாப்பாட்டுக்கு முன் நாலு பேர் சிரிப்பதற்குச் சொல்லுகிற வார்த்தை. அதற்கெல்லாம் யாராவது மரம் வாங்குவார்களா?

தண்ணீர் இன்னும் நம் கடைமடைக்கு எட்டவில்லை. நாற்றங்கால் காய்ந்து கிடக்கிறது. அந்தக் கோபத்தையும் இதோடு சேர்த்துக்கொள்.

முடிவாக உத்தரவு: அலமாரிக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஒரு பைசா அனுப்பக் கூடாது. அனுப்பினால் டிராஃப்டை நாற்றங்காலில் நட்டு வைப்பேன். அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், அதற்கு மேலே இருக்கிற தலைக்குள் கொஞ்சம் புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
பூத் மீட்டருக்குப் பயந்து பேனா பிடித்திருக்கும் மாமா,
அஹமது கபீர்

•

786

6-10-1995, ஜும்ஆ தொழுதுவிட்டு

மருமகன் ஜாஹிதுக்கு, மாமா கபீர். அஸ்ஸலாமு அலைக்கும். பட்டம் எதுவும் போடவில்லை. இன்று போட மனமில்லை.

உன்னோடு ஒரே கேம்பில் இருக்கும் மூஸா லீவில் வந்து சேர்ந்தான். நீ கொடுத்தனுப்பிய அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கி வந்து கூடத்தில் வைத்தான். ஊர் முழுக்க சவூதியிலிருந்து அத்தரும் பேரீச்சம்பழமும் வரும். உன் பெட்டியைப் பிரித்தால் முப்பத்தாறு பித்தளைக் கீல், பன்னிரண்டு கைப்பிடி, இழுப்பறை ஓடுவதற்குத் தண்டவாளம். ரயில்வேக்காரர்கள் பார்த்திருந்தால் கொண்டுபோய்த் திருவாரூர் ஸ்டேஷனில் போட்டிருப்பார்கள். அனீஸாவுக்கு என்ன என்று கேட்டேன். ஒரு கடிதம் இருந்தது. எடை போட்டால் ஒரு கைப்பிடி அளவுகூடத் தேறாது.

மூஸா டீயைக் குடித்துக்கொண்டே, "ஜாஹிது இந்த வாட்டியும் லீவை எழுதிக் கொடுத்துட்டானே மாமா, உங்களுக்குத் தெரியாதா?" என்றான். எனக்குத் தெரியாது. உன் உம்மாவுக்கும் தெரியாது. அனீஸா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது தெரிந்தது.

ஏன் என்று கேட்டேன். அவன் முதலில் சொல்லவில்லை. நான் விடவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆறு கதவுன்னு மாமா சபையில சொல்லிட்டாங்க. மாமா வாய்ல வந்தது பொய்யாகக் கூடாதுன்னு சொன்னான்" என்றான்.

ஜாஹித், எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த ஐம்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன பொய்களை வரிசையாக நிறுத்தினால் முத்துப்பேட்டையில் ஆரம்பித்துக் கோடியக்கரை உப்பளம்வரை போய், கடலில் இறங்கி யாழ்ப்பாணத்தில் கரையேறும். அதையெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள், மறந்தார்கள். நம்பியவர்கள் யாரும் இல்லை. உனக்கு மட்டும் யார் நம்பச் சொன்னது? சின்ன வயதிலிருந்து என்னைப் பார்க்கிறாய், அந்த அறிவு வேண்டாமா உனக்கு? என் வாய்க்கு நீ எதற்கு விலை கொடுக்கிறாய்? அதுவும் உன்னுடையது அல்லாத ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாய். அந்த மூன்று மாதத்தில் பாதி அனீஸாவுடையது. அவளைக் கேட்டாயா?

அன்று என்ன நடந்தது என்பதை என் கையாலேயே எழுதுகிறேன், உன் உம்மா எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நிச்சயத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினோரு பேர் இருந்தோம். சர்பத் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், தன் மகள் வீட்டில் மூன்று கதவு அலமாரி போட்டுக் கொடுத்ததாகவும், இந்தத் தெருவிலேயே அப்படி ஒன்று இல்லை என்றும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒங்க பக்கம் எப்புடி?" என்றார். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஜாஹித் ஷேக்குகளுக்கு அலமாரி செய்கிறவன், தங்கச்சிக்கு ஆறு கதவுக்குக் குறைத்துச் செய்வானா, பர்மா தேக்கு கப்பலில் வந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஒரு யானையைக் கட்டிவைத்துக் கதவைச் சாத்தலாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா ஜெகபர் அலி மட்டும் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும். உன் உம்மா கதவிடுக்கில் நின்று கேட்டு, வரி விடாமல் உனக்கு எழுதிவிட்டாள். யானையை மட்டும் விட்டுவிட்டாள்.

மூஸா வந்துபோன மறுநாள் காலை ஜெகபர் அலி வீட்டுக்குப் போனேன். அவரை உனக்குத் தெரியும், ஈப்போவில் கடை வைத்துப் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு வார்த்தை கேட்டால் மறு வார்த்தைக்கு நடுவில் ஒரு பஸ் போய்விடும். ஆறு கதவு நான் கிளப்பியது, அதைச் செய்ய எங்களால் ஆகாது, செய்தால் பையன் ஊருக்கு வர முடியாது என்று சொன்னேன். அனீஸா பெயரை நான் எடுக்கவில்லை. எடுப்பது முறையில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன? "நானா, நீங்க பேசினதுல பாதி காத்துன்னு எனக்குத் தெரியும். ஆனா எங்க வீட்டுப் பொம்பளைங்க அதை ஈப்போ வரைக்கும் எழுதிட்டாங்க. இப்ப நான் என்னன்னு எழுதச் சொல்றது?" என்றார். அவர் வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். பிறகு, "பையனுக்கு இன்னும் புள்ளை இல்லைல்ல" என்றார். இல்லை என்றேன். "நான் பொறப்பட்டுப் போனப்ப சலாஹுதீன் வயித்துல. வந்து பார்க்கிறப்ப அவனுக்கு மீசை" என்றார். கடைசியில், "நான் மட்டும் சரின்னா பத்தாது நானா. சபையில சொன்னதை சபையிலதான் எடுக்கணும். அதே பதினோரு பேரு. அதே ஜமக்காளம். நீங்களே சொல்லணும்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டினோம். ஒருவருக்கு முட்டிவலி, வர முடியாது என்றார். நானே ரிக்‌ஷா வைத்துக் கூட்டி வந்தேன், என் அவமானத்துக்கு நானே வண்டிக்கூலி. சர்பத் கொடுத்தார்கள். நான் எழுந்து நின்றேன். கப்பலில் தேக்கு வரவில்லை என்றேன். எந்தக் கப்பலும் வரவில்லை என்றேன். ஆறு கதவு இல்லை, யானை நிற்காது, ஆட்டுக்குட்டி வேண்டுமானால் குனிந்து நிற்கும் என்றேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பேசி யாரும் சிரிக்காத சபை அது ஒன்றுதான்.

பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் இருமிவிட்டு, "எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க, கோடியக்கரையில கையால சுறா பிடிச்சேன்னு சொன்னீங்களே, அதையும் எடுத்துடுங்களேன்" என்றார். அது மட்டும் நடந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் சிரித்தார்கள். ஜெகபர் அலியும் சிரித்தார்.

அங்கேயே பேசி முடித்தோம். ஷிஃபாவின் அறையில் மட்டும் ஒரு அலமாரி. மூன்று கதவு. நாட்டுத் தேக்கு. கண்ணாடி ஒன்று. தானாக எரிகிற விளக்கு கிடையாது. மருதையன் கூலியோடு சேர்த்துப் பத்தொன்பதாயிரம் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாயிரம் என்று நான் போட்ட உத்தரவை நானே மீறுகிறேன், மூன்றுக்குக் குறைந்தால் தாய்மாமன் மகளைவிடக் குறைந்துபோகும் என்று ஜெகபர் அலி வீட்டில் ஒரே பிடிவாதம். அந்தப் பணத்தை நீ அனுப்ப வேண்டாம். பேசின வாய் என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் வந்துவிட்டது, சம்பா நட்டாகிவிட்டது. அறுத்துக் கொடுக்கிறேன் என்று மருதையனிடம் சொல்லியிருக்கிறேன். மரத்துக்கு மட்டும் முன்பணம் கேட்டார், கொடுத்தாகிவிட்டது. எப்படிக் கொடுத்தேன் என்று கேட்டு எழுதாதே, எழுதினால் ஒரு பெரிய பொய் சொல்ல வேண்டி வரும்.

இவ்வளவு கூத்துக்கும் பிறகு ஒரு விஷயம் உறைத்தது. அலமாரி யாருக்கோ அவளை யாருமே கேட்கவில்லை. நீ கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, சபையும் கேட்கவில்லை. ஷிஃபாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பூட்டு போட்ட இழுப்பறை ஒண்ணு இருந்தா போதும் மாமா. நானா வரலைன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று உன்னைத்தான் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து யோசித்து வர முடியாத இடத்துக்கு அந்தப் பெண் ஒரே வரியில் வந்துவிட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. என்மேல் இருக்கிறது இன்னும் பெரியது, அது தீரப்போவதும் இல்லை, அதை விடு. உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்றுதான் பாக்கி. லீவை எழுதிக் கொடுத்த காகிதம் நவம்பர் கடைசிவரை மானேஜர் மேஜையிலேயேதான் இருக்கும், டிசம்பர் சம்பளத்தோடுதான் பணம் தருவார்கள், அதற்குள் போய் வேண்டாம் என்றால் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று மூஸா சொல்கிறான். அவன் அப்படி வாங்கியிருக்கிறானாம். நீ போய்க் கேள். அவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். நான் பதினோரு பேருக்கு முன்னால் நின்றேன், நீ ஒருவருக்கு முன்னால் நிற்கக் கூடாதா?

அனீஸாவிடம், கடிதம் எழுதுகிறேன், என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் எழுத வேணாம் மாமா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "பல் வலின்னு எழுதியிருந்தாங்க. சரியாயிடுச்சான்னு கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன்.

காகிதம் கைக்கு வந்ததும் தந்தி கொடு. வருகிற தேதி மட்டும் போதும். வழக்கம்போல் என் பெயருக்கு அனுப்பாதே, உன் உம்மா பெயருக்கும் வேண்டாம். அனீஸா பெயரும் அவள் வீட்டு விலாசமும் போட்டு அனுப்பு. தந்திக்காரன் அவள் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், தெருவுக்குக் கேட்க வேண்டும். இந்த ஒரு செய்தி எனக்குக் கடைசியாகத் தெரிந்தால் போதும்.

உன்னை ஆரோக்கியத்தோடு அவள் வாசலில் இறக்கிவிடும்படி அல்லாஹ்விடம் ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவனிடம் மட்டும் நான் கூட்டிச் சொல்வதில்லை.

வஸ்ஸலாம்.

உன் மாமா,
கபீர்